மம்மலில் நின்ற பிள்ளை

அந்தப் பிள்ளை முற்றத்தின் நடுவில் அசையாமல் நின்ற முதல் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோழிகள் அடைந்துவிட்டன. கடலில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது; மரங்களுக்குக் கீழே மட்டும் இருள் இறங்கியிருந்தது. பகலும் இரவும் கலக்கும் அந்த வேளையை எங்கள் பக்கத்தில் மம்மல் என்போம். எங்கள் வீட்டில் விளையாடிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகப் புறப்பட்டவள், பத்தடி நடந்திருக்கமாட்டாள், நின்றுவிட்டாள். முகத்தைச் சற்று உயர்த்தி, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பவள் போல நின்றாள்.

“என்ன பிள்ளை, போகேல்லையோ?” என்று கேட்டேன்.

அவள் திரும்பினாள். ஆனால் என்னைப் பார்த்துத் திரும்பவில்லை. என் இடது தோளுக்கு ஒரு முழம் அப்பால், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து, “வழியைக் காணேல்லை மாமி” என்றாள்.

விளையாட்டு என்று நினைத்துக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய கை குளிர்ந்திருந்தது.

இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கல்யாணமாகிய புதிதில் சாம்பல்தீவுப் பக்கம், கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டு வளவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் எழுத்துவேலை. காலையில் சைக்கிளில் போவார். கப்பல் வந்து நின்றால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. மின்சாரம் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. பக்கத்து வளவில் இருந்தவர்கள் ஒரு கடற்றொழில் குடும்பம்: சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்த தகப்பன், என்னைவிடச் சில வயது மூத்த தாய், இன்னும் பள்ளிக்கூடம் போகாத அந்த ஒரே பெண்பிள்ளை. தாயை நான் அக்கா என்பேன். எனக்கு அந்த ஊரில் வேறு ஒருவரையும் தெரியாது. பிள்ளை வேலியில் இருந்த இடைவெளியால் நுழைந்து நாளும் வருவாள். நான் சுளகில் அரிசி புடைக்கும்போது எதிரே குந்தியிருந்து கல் பொறுக்குவாள். என் கண்ணுக்குத் தப்பிய கல் அவள் கண்ணுக்குத் தப்பாது.

அந்த வருடம் கரையோரக் கிராமங்களில் சின்னமுத்து என்று நாங்கள் சொல்லும் தட்டம்மை பரவியது. பல வீடுகளின் வாசற்படலையில் வேப்பிலை தொங்கியது. பிள்ளைக்கும் வந்தது. உடம்பெல்லாம் சிவந்து, கண் பீளை தள்ளி, இருமி இருமிக் கிடந்தாள். அம்மாள் வந்திருக்கிறாள் என்று சொல்லும் வீட்டில் கடைப்பிடிக்கவேண்டிய ஒழுங்குகள் எனக்கும் தெரிந்தவைதான். தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, மீனும் முட்டையும் படலைக்குள் வரக் கூடாது. ஆனால் மீனையே தொழிலாகக் கொண்ட வீட்டில் இந்த ஒழுங்கு வேறு வடிவம் எடுத்தது. மீன் தொட்ட கையோடு தகப்பன் வீட்டுக்குள் போக முடியாது. ஆகவே அவர் கடற்கரையில் இருந்த தன் வாடிக்குக் குடிபோனார். வலைகள் வைக்கும் ஓலைக் கொட்டில்தான் அது. வள்ளத்துக்குப் பூசுவதற்காக அவர் பின்வளவில் சுறா ஈரல் உருக்கும் பழைய தகரப் பீப்பாவையும் உருட்டிக்கொண்டு போனார். மாலையில் வந்து வேலிக்கு வெளியே நின்று மனைவியோடு கதைப்பார்.

சிவப்பு மாறி, தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகும் பிள்ளை தேறவில்லை. வயிற்றோட்டம் நிற்கவில்லை. கை கால்கள் ஈர்க்குப் போலாகின. அக்கா கோயிலில் போய், பிள்ளையை விட்டு அம்மாள் முழுதாக இறங்கும்வரை மீனும் சமையல் எண்ணெயும் தன் வாசல்படி தாண்டாது என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளைக்குச் சோற்றுக் கஞ்சியும் உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும். முருங்கையிலை சூடு என்று விலக்கினாள். பப்பாசியும் சூடு. வளவில் முருங்கை தழைத்து நின்றது. பழம் மரத்திலேயே காகம் கொத்திக் கிடந்தது. எதுவும் மறைவாக நடக்கவில்லை. எல்லாம் அன்பினாலும் பயத்தினாலும் நடந்தன.

முற்றத்தில் பிள்ளை நின்றது அதற்குப் பிறகுதான்.

அதன்பின் ஒவ்வொரு மம்மலிலும் அவள் எங்கே இருந்தாளோ அங்கேயே நின்றாள். பகலில் நடமாடினாள், வெளிச்சம் குறையத் தொடங்கியதும் யாரோ கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல நின்றுவிடுவாள். நான் குசினி யன்னலால் பார்ப்பேன். அழமாட்டாள், கூப்பிடமாட்டாள். கண்ணை இமைக்காமல் நிற்பாள். ஒரு குழந்தை அவ்வளவு நேரம் இமைக்காமல் இருக்கக் கூடுமென்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

தகப்பனுக்கு அது மிகவும் கொடுமையாக இருந்தது. அவர் வரும் நேரமும் அதுதான். ஒரு மாலை நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு வெளியே நின்று, “மகள், அப்பா வந்திருக்கிறன். இஞ்ச பாரன்” என்றார்.

பிள்ளை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பார்வை அவரில் படவில்லை. அவருக்குப் பின்னால், அவரைவிட உயரமான ஒருவரைப் பார்ப்பதுபோல நிலைத்து நின்றது. அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் மணலும் தாழையும் மட்டும் இருந்தன. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, எனக்குப் பின்னால ஆரைப் பாக்கிறாள்?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை.”

“எனக்கும் தெரியும் ஒருத்தரும் இல்லையெண்டு. அப்ப அவள் ஆரைப் பாக்கிறாள்?”

துணியை வாரிக்கொண்டு உள்ளே வந்து கதவைத் தாளிட்டேன். அன்று என் கணவரின் சைக்கிள் மணி கேட்கும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.

கண்ணில் அந்த அடையாளத்தை முதலில் கண்டவள் எதிர்வளவுப் பெண். வாய் ஓயாதவள், ஊரில் எந்த வீட்டுக்கும் சொல்லாமல் நுழையக் கூடியவள். பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கறுப்புவிழிக்குப் பக்கத்தில், வெள்ளையில், சின்னதாக, பளபளவென்று ஒரு பொட்டு இருந்தது. மற்றக் கண்ணிலும் இருந்தது. நானும் பார்த்தேன். மீன் செதிளின் துணுக்கைக் கண்ணில் ஒட்டி வைத்ததுபோல இருந்தது.

“எடியே, அம்மாள் கண்ணுக்குள்ள முத்து வைச்சிருக்கிறாவடி!” என்றாள் எதிர்வளவுப் பெண். “போகேல்லை அவ. உள்ளுக்கு இருந்து பாக்கிறா.”

அன்று மாலையே பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரங்களை நினைத்தால் இன்றும் முதுகு சில்லிடுகிறது. பிள்ளையைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் ஒரு சின்னக் கதிரையில் இருத்துவார்கள். முன்னால் ஒரு விளக்கு. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து குனிந்து தங்கள் கவலைகளைச் சொல்வார்கள். பிள்ளை அவர்களுடைய முகங்களுக்கூடாக எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். சில வேளைகளில் நாலைந்து பேர் முன்னால் நெருங்கி நிற்கும்போது, “ஒருத்தரும் வரேல்லையே அம்மா” என்பாள். தெளிவான, சலிப்பில்லாத குரல். நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தாங்கள் அங்கே நிற்கிறோமா என்ற சந்தேகம் அவர்களுக்கே வந்துவிடும். எனக்கும் ஒருமுறை வந்தது. என் கையை நானே தொட்டுப் பார்த்தேன்.

கடலுக்குப் போன கணவன் இரண்டு நாளாக வரவில்லை என்று ஒரு பெண் திரியாய்ப் பக்கத்திலிருந்து வந்தாள். “அம்மாளே, அவர் வருவாரோ?” என்று காலைப் பிடித்தாள்.

“ஒருத்தரும் வரேல்லை” என்றாள் பிள்ளை.

அந்தப் பெண் மணலில் விழுந்து புரண்டு அழுதாள். மறுநாள் பகல் அவளுடைய கணவன் நல்ல பிடிபாட்டோடு கரைக்கு வந்து, விஷயத்தைக் கேள்விப்பட்டு, சந்தியில் நின்று சத்தமாகச் சிரித்தானாம். “அம்மாள் என்னைச் சாகக்குடுத்துப்போட்டாவாம்! நான் அங்க இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறன், இஞ்ச பெண்டில் தாலியைக் கழட்டப் பாத்திருக்கிறாள்!” சிரிப்பு ஊரெல்லாம் பரவியது. வரவு நிற்கவில்லை. அம்மாள் இரங்கி அவனைத் திருப்பி அனுப்பினாள் என்று எதிர்வளவுப் பெண் விளக்கம் சொன்னாள்.

அக்கா பெருமைப்பட்டாளா பயந்தாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். ஆனால் அம்மாள் வீட்டில் இருக்கிறாள் என்று உறுதியானபின் நேர்த்தி இன்னும் இறுகியது. கஞ்சியில் தேங்காய்ப்பாலும் நின்றது. பிறகு பிள்ளை இடது கண்ணைப் பகலில் மூடி வைத்திருக்கத் தொடங்கினாள். வெயில் பட்டால் முகத்தைத் தாயின் மடியில் புதைப்பாள். அம்மாள் ஒரு கண்ணால் உறங்குகிறாள் என்றார்கள்.

அப்போது நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை நகரத்தில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவேன். அங்கே ஒரு பெண் டொக்டர் இருந்தா. கடுமையான முகம், தாழ்ந்த குரல். எனக்கு ஏன் நித்திரை வருவதில்லை என்று கேட்டா. சொன்னேன். பக்கத்து வீட்டில் அம்மாள் குடியிருக்கிறாள், மம்மலானால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று. டொக்டர் சிரிப்பா என்று நினைத்தேன். பேனையைக் கீழே வைத்தா.

“அந்தப் பிள்ளை அழுதால் கண்ணீர் வருகுதோ?”

நான் யோசித்தேன். அழுததைக் கண்டிருக்கிறேன், கன்னம் நனைந்ததைக் காணவில்லை.

“கண்ணில ஒரு பொட்டு இருக்கெண்டு சொன்னீங்கள். சவர்க்கார நுரை காய்ஞ்ச மாதிரியோ?”

“ஓம். மினுங்கும்.”

“இருட்டினாப்பிறகு நடக்கிறாளோ?”

“நிண்டிடுவாள்.”

“அவளுக்குக் கண் தெரியேல்லை. அதுதான் நிக்கிறாள்” என்றா டொக்டர். “இது மாலைக்கண். சின்னமுத்துக்குப் பிறகு கனக்கப் பிள்ளையளுக்கு வருகுது. ஒரு கண்ணை மூடி வைச்சிருக்கிறாளெண்டால் கறுப்புவிழி புண்ணாகத் தொடங்கியிருக்கும். அது உருகி வழிஞ்சால் பிறகு என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது. நாளைக்கே கொண்டுவரச் சொல்லுங்கோ.”

உருகி வழியும் என்ற சொல் பஸ்ஸில் வரும்போது முழுக்க என் காதில் இருந்தது. வெளியே உப்புவெளி தாண்டி வெயில் கொளுத்தியது. நான் கண்களை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் தயங்கினார். “நீர் ஏன் இதுக்குள்ள தலையைப் போடுறீர்? பிள்ளைக்கு ஏதும் நடந்தால் உம்மிலதான் பழி வரும். வாடகை வீடு, பிறத்தி ஊர்.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்டால் குருடாகப் போகுது.”

“அதை அவையிட்ட நீர் சொல்லலாம். கேப்பினமோ?”

கேட்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் அக்கா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “தங்கச்சி, அம்மாள் இருக்கிற கண்ணில அவங்கள் கத்தி வைக்கவோ? அவ கோவிச்சுப் பிள்ளையையும் கொண்டுபோனால் நீ எனக்குப் பிள்ளை தருவியோ?” என்று கேட்டாள். என் வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தகப்பனிடம் வாடியில் போய்ச் சொன்னேன். கேட்டதும் எழுந்தார். அன்று மாலை வேலிக்கு வெளியே நின்று மனைவியோடு பெரிய சண்டை. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கடைசியில் இருவரும் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள்: பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து அம்மாள் படத்துக்கு முன்னால் தட்டில் வைப்பார்கள். கள்ளமில்லாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி. சிவப்பு வந்தால் வீட்டிலேயே இருப்பது. அதற்குமேல் ஒருவரும் பேசக் கூடாது.

யார் எடுப்பது என்று எதிர்வளவுப் பெண் கேட்டாள். “அவளே எடுக்கட்டும்” என்றாள் அக்கா. “அம்மாள் தன்ர வாயால சொல்லுறது போல.”

மறுநாள் மாலை விளக்கேற்றினார்கள். நான் வாசலில் நின்றேன். என் பின்னால் பெண்கள். தகப்பன் வேலிக்கு வெளியே. வேலி இடுக்கால் அவர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் மட்டும் தெரிந்தது. உள்ளே ஒரு குத்துவிளக்கின் வெளிச்சம். பிள்ளை பாயில் இருந்தாள். முன்னால் பித்தளைத் தட்டு, அதில் இரண்டு பொதி. கடல் இரைச்சல் கூட அன்று தாழ்ந்திருந்ததுபோல் எனக்கு ஞாபகம்.

“ஒண்டை எடம்மா” என்றாள் அக்கா.

பிள்ளை கையை நீட்டினாள். கை தட்டுக்கு மேலால் போனது. இரண்டு பொதிகளையும் தாண்டி, தட்டின் விளிம்பையும் தாண்டி, காற்றில் எதையோ தேடியது. விரல்கள் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தன. “பாருங்கோ, அம்மாள் யோசிக்கிறா” என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். கை மெதுவாக விளக்கின் பக்கம் திரும்பியது. சுடரை நோக்கிப் போனது. பிள்ளையின் கண் திறந்திருந்தது. அதில் சுடர் தெரிந்தது. கண் நகரவேயில்லை. விரலும் சுடரும் தொடுமளவுக்கு நெருங்கியபோது அக்கா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

பிள்ளை கேட்டாள்: “தட்டு எங்கயம்மா கிடக்கு?”

அக்கா தட்டைக் கையிலெடுத்தாள். பிள்ளையின் முகத்துக்கு முன்னால் மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோனாள். வலப்பக்கம் கொண்டுவந்தாள். பித்தளையில் விளக்கு மினுங்கியது. கண் இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மாளெண்டால் தன்ர தட்டு எங்க கிடக்குதெண்டு தெரியாமல் இருப்பாவோ?” என்றாள் அக்கா. யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு வேலியை நோக்கிக் குரல் கொடுத்தாள்: “இஞ்சருங்கோ! விடிய முதல் பஸ்ஸுக்குப் போகவேணும். குளிச்சுப்போட்டு வாங்கோ.”

“அப்ப பூ?” என்றாள் எதிர்வளவுப் பெண்.

“பூ கிடக்கட்டும்.”

பொதிகளை ஒருவரும் அவிழ்க்கவில்லை. மறுநாள் விடியப் புறப்படும்போது அவை தட்டிலேயே வாடிக் கிடந்தன. எந்தப் பொதியில் எந்தப் பூ என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நானும் அவர்களோடு போனேன். அதே டொக்டர் பிள்ளையின் இமைகளை விரித்து ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தா. வலது கண் காய்ந்து மங்கியிருந்தது, புண் இல்லை. இடது கண்ணின் கறுப்புவிழி சாம்பல் நிறமாகி, ஓரிடத்தில் குழிந்திருந்தது. “முத்து” என்று அக்கா விரலால் காட்டினாள். டொக்டர் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்து, பஞ்சை அவளிடம் நீட்டினா. அதில் காய்ந்த நுரைபோல ஒரு சின்ன வெள்ளைக் கறை. அக்கா அந்தப் பஞ்சை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

ஒரு தாதி, மிஸ்ஸி என்போம், சின்னக் குளிசை ஒன்றின் நுனியை வெட்டி, உள்ளே இருந்த எண்ணெயைப் பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டா. தகப்பன் மூக்கை உறிஞ்சினார்.

“டொக்டர் அம்மா, இது எங்கட சுறா எண்ணெய் மணமெல்லோ?”

“அதுக்குள்ள இருக்கிற சத்துத்தான் இதுக்குள்ளயும் இருக்கு. விற்றமின் ஏ எண்டு சொல்லுவம்.”

“நான் இதைப் பீப்பாக் கணக்கில உருக்கி வள்ளத்துக்குப் பூசுறனான்” என்றார் அவர். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. உடம்பு அந்தச் சத்தை ஈரலில் சேர்த்து வைக்கும், சின்னமுத்தும் வயிற்றோட்டமும் அந்த இருப்பை உறிஞ்சிவிடும், அந்த நேரத்தில் பிள்ளைக்கு மீனும் முட்டையும் இலைக்கறியும் பழமும் எண்ணெயும் மற்ற நேரத்தைவிடக் கூடுதலாக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னா. முருங்கையிலை, பப்பாசி, பூசணி என்று பெயர் சொல்லிக்கொண்டு போனபோது அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எல்லாம் அவளுடைய வளவில் இருந்தவை.

ஓரிரு நாள் கழித்து மாலையில், பிள்ளையைப் படுக்கவைத்திருந்த ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். விளக்கு இன்னும் போடவில்லை. பிள்ளை கட்டிலில் எழுந்து இருந்தாள். திடீரென்று வீரிட்டாள். தாயைக் கட்டிக்கொண்டு வாட்டின் கோடிவரை விரல் நீட்டினாள். “அம்மா, இவ்வளவு ஆக்கள்! இவ்வளவு ஆக்களும் எங்கயிருந்து வந்தவை?” கட்டில்களில் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்தார்கள். அவள்தான் மம்மலில் முகங்களைக் கண்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

வலது கண் தப்பியது. இடது கண் தப்பவில்லை. புண் ஆறி, முழு வெள்ளையாக, அவித்த மீனின் கண்போலாகிவிட்டது. வீடு திரும்பியபின் பெண்கள் யாரும் அவள் முன்னால் குனியவில்லை. சிலர் மாலையில் அந்த வளவைச் சுற்றிப் போனார்கள். அம்மாள் கோபித்துக்கொண்டு ஒரு கண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று கதை.

எங்கள் மகன் தவழ்ந்து எழுந்து நடக்கத் தொடங்கிய பருவத்தில் அவனுக்கும் சின்னமுத்து வந்தது. நானும் படலையில் வேப்பிலை கட்டினேன். வேப்பிலையால் ஒருவருக்கும் தீங்கில்லை. ஆனால் அடுப்பில் எதை வைப்பதென்று தெரியாமல் நின்றேன். டொக்டர் சொன்னது சொல்லுக்குச் சொல் மனதில் இருந்தது. பயமும் அதன் பக்கத்திலேயே இருந்தது.

அன்று மாலை அக்கா வந்தாள். கையில் மூடிய சட்டி. பின்னால் பிள்ளை. ஒழுங்கையில் எதிர்வளவுப் பெண்ணின் குரல் கேட்டது: “எடியே, அம்மாள் இருக்கிற வீட்டுக்குள்ள மீன் கொண்டு போறியோ? விசரோ உனக்கு?”

“ஓம், கொண்டுதான் போறன்” என்றாள் அக்கா, திரும்பிப் பாராமல். “கோவமெண்டால் அவ என்னட்டை வந்து கேக்கட்டும். எனக்கும் அவவோடை கொஞ்சக் கதை கிடக்கு.”

சட்டியில் மீன் ஈரலும் முருங்கையிலையும் போட்டுக் காரமில்லாமல் ஆக்கிய கறி. அவள் சோற்றில் குழைத்துத் தந்தாள். மகனுக்குச் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினேன். அவன் இருமி இருமி, கொஞ்சம் தின்றான்.

அறைக்குள் மம்மல் நிறைந்துவிட்டது. விளக்கேற்ற நான் எழவில்லை. பிள்ளை பாய்க்கு அருகில் வந்து குந்தி, தன் முகத்தை மகனின் முகத்துக்கு மேலே கொண்டுபோனாள். தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு மறுபக்கம். காய்ச்சலில் சிவந்த அவனுடைய கண்கள் அவளோடு கூடவே போய் வந்தன.

“பாக்கிறான் மாமி” என்றாள்.

பிறகு வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அந்த வெள்ளைக் கண்ணை மட்டும் அவனுக்குக் காட்டியபடி அசையாமல் இருந்தாள். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை.

“இப்பவும் என்னைப் பாக்கிறானோ?” என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். “பாக்கிறான்.”